கதவுகள் அடைபடும் பருவம்



மகளைக் கட்டிக் கொடுத்துக் குளிர் நாட்டுக்கு அனுப்பும் உம்மாமார் பெட்டி கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாசி ஒரு பொதி, வறுத்து இடித்த மிளகாய்த் தூள் ஒரு பொதி, இடியப்ப உரல், ஓதிய தண்ணீர்ப் போத்தல், யாரோ இரவல் தந்த கம்பளிச் சட்டை... இத்தனையும் வைத்து அமுக்கி மூடிய பிறகும், "இன்னும் என்ன மகள் வேணும்?" என்று கேட்பார்கள். கனடாவுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய உம்மாமாரும் என்னிடமும் அதையே கேட்கிறார்கள். என்ன கொண்டு போக வேண்டும் என்பதற்குப் பதில் சொல்வது இலகு. போன இடத்தில் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்பதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் 2017 செப்டெம்பரில் டொரன்டோ நகரின் நடுப்பகுதியில், செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்னும் இடத்தில் குடியேறினோம். பெரும்பாலும் 1960களில் எழுந்த உயர்ந்த தொடர்மாடிகள் அங்கே ஒன்றை ஒன்று இடிப்பது போல் நிற்கின்றன. பிலிப்பைன்ஸ், நேபாளம், எதியோப்பியா என்று எத்தனையோ நாட்டு மக்கள். நம் தமிழும் நடைபாதையில் காதில் விழும். எங்களுக்குக் கிடைத்தது பதினான்காம் மாடியில் ஓர் அறையும் ஒரு சாலையும் கொண்ட வீடு. கைக்குழந்தையோடும் ஐந்து வயது மகனோடும் சாமான்களை இறக்கி வைத்தோம்.

முதல் வேலை கிப்லா பார்ப்பது. இலங்கையில் நாம் மேற்கு நோக்கி நின்று பழகியவர்கள். டொரன்டோவில் கிப்லா வடகிழக்கு! பூமி உருண்டை, கஃபாவுக்கு மிகக் குறுகிய வழி அங்கிருந்து வடகிழக்காகவே தொடங்குகிறது. குசினிச் சுவரின் மூலையை நோக்கித் தொழுகைப் பாயை விரித்தபோதுதான், வாப்பாவின் வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது என் மனதுக்கு உறைத்தது.

செப்டெம்பரில் எந்தக் கஷ்டமும் தெரியாது. வெயில் இதமாக இருக்கும். கட்டடங்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும். வாங்குகளில் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். பாஷை தெரியாவிட்டாலும் ஒருவர் பிள்ளையைப் பார்த்து மற்றவர் சிரிப்பார். ஒக்டோபரில் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கும். இலையில் பச்சை நிறம் தருகிற பொருள் குளிர் நெருங்கும்போது அழிந்து போக, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்போ புதிதாகவே உண்டாகிறது. பிறகு மரம் காம்பின் அடியை மூடிக்கொண்டு இலையை விட்டுவிடுகிறது. குளிரைத் தாங்கி நிற்பதற்கு அல்லாஹ் அதற்குக் கற்றுக் கொடுத்த வழி அது. சுப்ஹானல்லாஹ்!

மரங்கள் இலையை விடும் அதே நாட்களில் அந்த வாங்குகளும் ஒவ்வொன்றாக வெறுமையாகும். நவம்பரில் முற்றத்தில் ஆளில்லை. ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடை. இரு பக்கமும் மூடிய கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் கறி தாளிக்கும் மணம், ஒன்றுக்குப் பின்னால் குழந்தையின் அழுகை. மனிதரை மட்டும் காணோம். சகோதரிகளே, தொடர்மாடிக் குளிர்காலத்தில் நாம் உண்மையாகவே பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, இந்த மூடிய கதவுகளுக்குத்தான்.

நாள் சுருங்கும்போது

நம் நாட்டில் மஃரிப் நேரம் வருடம் முழுவதிலும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் முன்பின்னாவதில்லை. டொரன்டோவிலோ ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் மஃரிப். டிசம்பரில் மாலை 4.40 அளவில் மஃரிப்! நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைக்கிறார்கள். முதல்நாள் ஆறு மணிக்கு மறைந்த சூரியன் மறுநாள் ஐந்து மணிக்கே மறைந்துவிடும். டிசம்பரில் ளுஹர் பன்னிரண்டேகாலுக்கு, அஸர் இரண்டரை அளவில், மஃரிப் ஐந்துக்கு முன், இஷா ஆறேகால் அளவில். பாடசாலையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்து சப்பாத்தைக் கழற்றி, மேலங்கியைத் தொங்கவிட்டு, ஏதும் தின்னக் கொடுத்து நிமிர்ந்தால் அஸர் கைவிட்டுப் போகும் நேரம். ஆகவே பிள்ளையை அழைக்கப் போகுமுன்பே அஸரைத் தொழுதுவிடுவது என்று ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையைத் தொழுகைக்கேற்ப அடுக்கினால் நாள் அடங்கும். மாறிச் செய்தால் இரண்டும் சிந்திப் போகும்.

இந்தச் சுருக்கத்துக்குள் பெண்களுக்கு ஒரு பெரிய ரஹ்மத்தும் உண்டு. டிசம்பரில் சுப்ஹு ஆறு மணியளவில், மஃரிப் 4.40க்கு. பத்தரை மணித்தியாலத்தில் ஒரு நோன்பு நிறைவேறிவிடும். நம் ஊரிலே பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். அங்கே ஜூன் மாதமானால் பதினேழுக்கும் மேல். ரமழானில் விடுபட்ட களா நோன்புகளை நிறைவேற்ற இதைவிட நல்ல காலம் கிடைக்குமா? அந்த முதல் டிசம்பரில் என்னுடைய கடனை நான் அப்படித்தான் தீர்த்தேன். ரமழானும் இப்போது ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்துக்குள் நகர்ந்து வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் தொடங்குவது ஒன்று என இரண்டு ரமழான்கள் வர இருக்கின்றன.

வீடும் உடம்பும்

டொரன்டோ மாநகர விதிகளின்படி, வாடகை வீட்டில் வெப்பமூட்டல் வீட்டுக்காரரின் பொறுப்பில் இருந்தால் குளிர் மாதங்களில் வீட்டினுள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் கட்டட முகாமைக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் கவனிக்காவிட்டால் 311 என்னும் மாநகர இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். வாடகை கொடுப்பவருக்கு இது உரிமை, தயங்க வேண்டியதில்லை. சூடு போதாதென்று அடுப்பை எரியவிட்டு வீட்டைச் சூடாக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

சூடாக்கிய காற்று வரண்ட காற்று. உதடு வெடிக்கும், கைமுட்டி பிளக்கும், குழந்தையின் மூக்கு அடைக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை வுழூச் செய்யும் நமக்கு இது இன்னும் அதிகம். ஒவ்வொரு வுழூவுக்குப் பின்பும் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுத் தேங்காயெண்ணெயோ களிம்போ பூசிக்கொள்ளுங்கள். வெளியே வகுப்புக்கோ வேலைக்கோ போகும் சகோதரிகளுக்கு மார்க்கம் தந்த ஒரு சலுகையும் உண்டு. முழுமையாக வுழூச் செய்தபின் அணிந்த தோல் காலுறையின் மேல், ஊரில் தங்கியிருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் மஸ்ஹு செய்யலாம். சாதாரணத் துணிக் காலுறை பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று விட்டமின் டி. வெயில் தோலில் பட்டுத்தான் உடம்பு அதை உண்டாக்குகிறது. கனடாவின் குளிர்காலச் சூரியன் அதற்குப் போதாது. உடலை மறைத்து உடுத்தும் நமக்கும் கருநிறத் தோல் உடையோருக்கும் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். அங்கே பசுப்பாலில் இந்த விட்டமினைச் சேர்ப்பது சட்டத்தால் கட்டாயம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு துளிமருந்தாகக் கொடுக்கும்படி அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. கால் கை உளைச்சல், ஓயாத களைப்பு என்றால் "குளிருக்குத்தான்" என்று சும்மா இருந்து விடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, ஒரு தடித்த மேலங்கியைவிட மெல்லிய மூன்று உடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது சூட்டைக் காக்கும். அபாயாவின் ஓரத்தை நாலு விரல் உயர்த்தித் தைத்துவிடுங்கள். நடைபாதையில் உப்புத் தூவிக் கரைந்த பனிச்சேறு துணியை நாசமாக்கும். சப்பாத்து தண்ணீர் புகாததாக இருக்கட்டும். பழைய உடுப்புக் கடைகளில் நல்ல மேலங்கிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குவதென்றால் குளிர் தொடங்குமுன் வாங்குங்கள்.

உயரத்தில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் யன்னல்களைப் பாருங்கள். பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடுக்கும் பூட்டு டொரன்டோவின் மாடி வீடுகளில் இருக்க வேண்டும். யன்னலடியிலும் பெல்கனியிலும் கதிரையோ பெட்டியோ வைக்காதீர்கள், பிள்ளை ஏறிவிடும்.

சுவருக்கு அப்பால்

இவ்வளவையும் சரியாகச் செய்து முடித்தும் அந்த நவம்பரில் என் மனம் ஆறவில்லை. கணவர் காலை இருட்டில் போய் இரவு இருட்டில் வருவார். நாட்கணக்கில் பெரியவர் ஒருவரோடும் வாய்விட்டுக் கதைக்காத நாட்கள் இருந்தன. ஊரில் இருந்து உம்மா தொலைபேசியில் பேசும்போது எல்லாம் நல்லம் என்று சொல்வேன். ஒருநாள் உம்மா கேட்டார்: "மகள், பக்கத்து வீட்டுல ஆரு இரிக்காங்க?"

தெரியாது என்றேன்.

"ரெண்டு மாசமாச்சே மகள். அவங்க உயிரோட இரிக்காங்களா இல்லியாண்டும் தெரியாதா?" என்றார் உம்மா. கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார்.

எங்கள் உம்மா வேலிக்கு மேலால் ஆணக் கோப்பையை நீட்டி வளர்ந்தவர். ஆணம் காய்ச்சினால் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டியாவது அயலாரைக் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஊரில் அது வழமையாகவே நடக்கிறது; வேலி குட்டை, கதவு திறந்திருக்கிறது. தொடர்மாடியில் வேலியே இல்லை, சுவர்தான். அங்கே அந்தச் சுன்னத்தை நிய்யத்து வைத்து, எழும்பிப் போய், கதவைத் தட்டித்தான் நிறைவேற்ற வேண்டும்.

மறுநாள் இடியப்பமும் கோழி ஆணமும் ஒரு தட்டில் வைத்து மூடிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு மூதாட்டி. எழுபது கடந்தவர், முழங்கால் நோவினால் நடைதாங்கியைப் பிடித்து நின்றார். கிறிஸ்தவர். முதலில் என்னைப் பார்த்து, பிறகு தட்டைப் பார்த்து, "யார் இறந்தது?" என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் சாவுக்குத்தான் உணவு கதவுக்கு வரும் போலும்! "யாரும் இல்லை, நான் பக்கத்து வீடு" என்றேன். அவருடைய கண் கலங்கியது, எனக்கும்தான்.

இரண்டு நாள் கழித்துத் தட்டு திரும்பி வந்தது, ஆறு தோடம்பழங்களோடு. நாம் எதைச் சாப்பிடுவோம், எதைச் சாப்பிட மாட்டோம் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பழமே சரி என்று முடிவு செய்தாராம். யன்னல் சட்டகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டித் தலைமயிர் உலர்த்தியால் சூடுகாட்டி இறுக்கினால் காற்று புகாது என்பதை எனக்குக் காட்டித் தந்தவரும் அவரே. நான் குளிக்கும் நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓரிரவு, இரண்டு மணிக்குத் தீ அபாய மணி அலறியது. லிப்ட் நின்றுவிட்டது. நடைவழியில் இலேசான புகை மணம். கணவர் மகனைத் தூக்க, நான் குழந்தையைப் போர்வைக்குள் சுற்றினேன். கதவைத் தாண்டியதும் இருவருக்கும் நினைவு ஒன்றேதான்: அவரால் பதினான்கு மாடி இறங்க முடியாதே! கணவர் அவருடைய கதவைத் தட்ட, நான் 911க்கு எடுத்து அவருடைய வீட்டு இலக்கத்தையும், படியிறங்க முடியாதவர் என்பதையும் சொன்னேன். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து உள்ளேயே இருக்கும்படி சொல்லச் சொன்னார்கள். அவ்வாறே செய்துவிட்டுப் படிகளில் இறங்கினோம். தீயணைப்பு வீரர்கள் மேலேறி அவரிடம் போனார்கள். எட்டாம் மாடியில் யாரோ சட்டியை அடுப்பில் வைத்து உறங்கிவிட்டார்களாம். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் எதுவும் நேரவில்லை.

ஆனால் எப்போதும் அப்படி முடிவதில்லை. அதே செயின்ட் ஜேம்ஸ் டவுனில் 2010 செப்டெம்பரில் வெல்லஸ்லி வீதிக் கட்டடம் ஒன்றிலும், நாங்கள் வந்த அடுத்த வருடம் 2018 ஆகஸ்டில் பார்லிமென்ட் வீதிக் கட்டடம் ஒன்றிலும் ஏற்பட்ட தீயினால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒவ்வொரு முறையும் வீடின்றிப் போனார்கள். இரண்டாவது கட்டடத்தார் வீடு திரும்ப ஒரு வருடத்துக்கும் மேலாயிற்று. 2013 டிசம்பரில் உறைமழை பெய்து கம்பிகள் அறுந்தபோது டொரன்டோவில் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. இப்படியான நேரங்களில் யார் நோயாளி, யார் தனியாள், யார் கைக்குழந்தைக்காரி என்பதை அடுத்த வீட்டாரைத் தவிர யார் அறிவார்? படியிறங்க முடியாதோரின் பெயர்களைக் கட்டடத் தீப்பாதுகாப்புப் பட்டியலில் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். மறுநாளே அவரைப் பதிய வைத்தோம்.

அதன்பின் எங்கள் மாடி மெல்ல மாறியது. எதிர் வீட்டு நேபாளத்துப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். குளிர் குறைந்த நாட்களில் பிள்ளைகளோடு அலன் கார்டன்ஸ் என்ற பூங்காவுக்குப் போவோம். 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை ஒன்று அங்கே உண்டு. உள்ளே போகக் கட்டணமில்லை. வெளியே பனி கொட்ட, உள்ளே வாழையும் பனையினத்து மரங்களும் நிற்கும். அந்த ஈரச் சூட்டை முகத்தில் வாங்கியபோது நம் ஊர்க் கிணற்றடியில் நிற்பது போலிருந்தது. அருகிலேயே நூலகக் கிளை; கதை நேரம் இலவசம். புதிதாகக் குடியேறியோருக்கு அரசு செலவில் ஆங்கில வகுப்புகள் உண்டு. சில இடங்களில் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. டன்டாஸ் வீதியில், முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தில் 2002 முதல் பள்ளிவாசல் ஒன்று இயங்குகிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்கால இருட்டில் சிலருக்கு மனச்சோர்வு நோயாகவே வருகிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அது இன்னும் கனக்கும். உறக்கமின்மை, காரணமில்லாத அழுகை, குழந்தையைத் தூக்கவும் மனமின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அதை ஈமானின் குறையென்று எண்ணி மறைக்காதீர்கள். துஆவும் செய்யுங்கள், வைத்தியரிடமும் போங்கள். ஊரிலிருக்கும் உம்மாமாரே, தொலைபேசியில் "எல்லாம் நல்லம்" என்று மகள் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள்.

"நமக்கென்ன, நாம் பனி நாட்டிலா இருக்கிறோம்?" என்று சிலர் நினைக்கலாம். கொழும்பிலே வெள்ளவத்தை, தெமட்டகொடை எங்கும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. நம்மவர்களும் அவற்றில் குடியேறி வருகிறார்கள். அங்கே பனி பெய்வதில்லைதான். ஆனாலும் கதவுகள் மூடித்தான் இருக்கின்றன. இன்று சமைக்கும்போது ஓர் அகப்பை கூடுதலாக வைத்துப் பாருங்கள். யாருக்குக் கொண்டு போவது என்று யோசிக்கும்போதே, அறியாத ஒரு கதவு நினைவுக்கு வரும்.

அயலாரின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.